எழுத்தாளர் வரலாறுகளில் விடுபடுபவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புனைகதை எழுதியவர்களின் வாழ்க்கையைப் பற்றி இதழ்களில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு கதை நம்மை ஆட்கொண்டுவிட்டால், அதை எழுதியவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று தேடிப் போவது வாசகனுக்கு இயல்பு. அந்த ஆவலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை வறுமையில் தொடங்கி, நோயை விவரித்து, மரணத்தில் முடிந்துவிடுகின்றன. எழுத்து வேலையைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை என்ற ஏக்கம் ஒவ்வொரு முறையும் எனக்கு மிஞ்சுகிறது.

புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில், காசநோயால் இறந்ததை அறியாத தமிழ் இலக்கிய வாசகர் அரிது. ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் எழுத்தாளர் முருகதாசரின் மனைவிக்குக் கமலம் என்று பெயர். புதுமைப்பித்தனின் மனைவி பெயர் கமலா. இதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதையை அவர் வீட்டு நிலவரமாகவே வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசிக்கும்போது கைநழுவிப் போவது கதையின் நகைச்சுவை. முருகதாசர் விரிக்கும் கிழிந்த கோரைப்பாயை, நெடுநாள் உழைத்தும் பென்ஷன் கிடைக்காத ஊழியனைப் போலப் புதுமைப்பித்தன் எழுதுகிறார். வறுமையில் உழன்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பாயை அப்படி எழுதியவர் அவர் ஒருவரே. இல்லாமையைச் சொல்லும் வாக்கியத்துக்குள்ளேயே சிரிப்பையும் வைக்க அவர் எங்கே கற்றார், எவற்றைப் படித்தார், அவர் எழுதிய ‘மணிக்கொடி’ இதழும் அதன் நண்பர்களும் அவருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதையே நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தொகுப்பாக நமக்குக் கிடைக்கின்றன. கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதைகள் எழுதியவர் என்பதை எத்தனை கட்டுரைகள் சொல்கின்றன?

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி விஷயத்திலும் இதே கதைதான். 1866 அக்டோபரில் அவர் ‘சூதாடி’ நாவலை 26 நாட்களில் முடித்ததைப் பலரும் வியந்து எழுதுகிறார்கள். கெடுவுக்குள் நாவலைத் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்தைப் பணம் தராமல் அச்சிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம் இருந்தது. அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டுக்குப் போய் விரித்தெழுதிக் கொண்டுவந்து தந்தவர் அன்னா. அடுத்த ஆண்டு அவரை மணந்துகொண்ட அன்னாதான், பின்னாளில் கணவரின் நூல்களைத் தாமே பதிப்பித்து விற்றுக் கடன்களையும் அடைத்தார். சூதாட்டத்துக்கும் வலிப்பு நோய்க்கும் பக்கங்களை ஒதுக்கும் கட்டுரையாளர்கள் அன்னாவை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பரபரப்பான சம்பவங்கள் இல்லாத வாழ்க்கைகள் கட்டுரையாகவே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அசோகமித்திரன் செகந்திராபாத்தில் வளர்ந்து, ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்து, பின் எழுத்தே வாழ்க்கையாக 2017 வரை நம்மிடையே இருந்தவர். அந்த ஊர் ‘18வது அட்சக்கோடு’ நாவல் ஆனதும், அந்தத் திரையுலகம் ‘கரைந்த நிழல்கள்’ நாவல் ஆனதும் எவ்வாறு, தாம் கண்டவற்றில் எவற்றை வைத்துக்கொண்டு எவற்றை விலக்கினார் என்று பொறுமையாக ஆராயும் ஒரு கட்டுரை, எந்த அகால மரணக் கதையைவிடவும் என்னை ஈர்க்கும்.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளைக் கேட்டு வாங்கும்போது, எழுத்தாளரோடு வாழ்ந்தவர்களின் சாட்சியத்தையும், ஒரு படைப்பாவது உருவான விதத்தையும் சேர்க்குமாறு வலியுறுத்த வேண்டுகிறேன். அதற்கான சான்றுகள் ஓரளவு ஏற்கெனவே அச்சில் உள்ளன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ பாடவேறுபாடுகளோடு வெளிவந்திருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கதையை எடுத்து, ஆசிரியர் எங்கே எந்தச் சொல்லை மாற்றினார் என்று காட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்