பின்பக்க ஃபேனுக்கு வலை இல்லாத கேபினட் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உடைந்த ஃபேனுக்கு மாற்று, கம்பி வலை கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் கேபினட்டை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சென்ற வாரம் பின்பக்கம் பென் டிரைவ் சொருகக் கையை விட்டேன். எல்லாரும் செய்வதுபோலத்தான்: எட்டிப் பார்க்காமல், தடவித் தடவி. மதர்போர்டின் யூஎஸ்பி துளைகளை ஒட்டியே, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றும் 120 மி.மீ. ஃபேன் ஓடுகிறது. 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். நடுவிரலில் நக ஓரம் கிழிந்து ரத்தம். பென் டிரைவின் இரும்பு முனை பட்டு ஓர் இறக்கையின் நுனி தெறித்துவிட்டது.

விரல் இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஃபேன்தான் ஆறவில்லை. ஒரு பக்கம் எடை குறைந்ததால் கேபினட் முழுக்க அதிர்கிறது. மேசையில் வைத்த தண்ணீர் டம்ளரில் வளையம் வளையமாக அலை தெரிகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "ஃபிசிகல் டேமேஜ், வாரண்டி வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அதன்பின் உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்த மெயிலில், வலை போட்டால் காற்றோட்டம் குறையும், இரைச்சல் கூடும், ஃபேன் சட்டத்தின் நான்கு கைகளே போதுமான தடுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டும் பாதி உண்மை. தகட்டில் பொடிப்பொடியாக ஓட்டை குத்திய பழைய மாதிரி வலை காற்றை மறிக்கும், சீறவும் செய்யும். வட்ட வட்டமாக வளைத்த மெல்லிய கம்பி வலை அப்படியல்ல. காற்றுக்கு அது பெரிய தடையே இல்லை. 120 மி.மீ. ஃபேனின் திருகுத் துளைகள் எங்கும் 105 மி.மீ. இடைவெளியில்தான் இருக்கும், ஆகவே அளவுப் பிரச்சினையும் கிடையாது. நான்கு ஸ்க்ரூ வேலை.

அந்த நான்கு கைகளைப் பற்றி: அவை மோட்டாரைத் தாங்க வைத்தவை. இரண்டு கைகளுக்கு நடுவே என் மூன்று விரல்கள் தாராளமாக நுழைகின்றன (ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன்). பெட்டியில் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1500 சுற்று) என்று போட்டிருக்கிறீர்கள். அதாவது நொடிக்கு 25 சுற்று; ஏழு இறக்கைக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 175 முறை ஓர் இறக்கை அந்த இடத்தைக் கடக்கிறது. நுனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். விரல் துண்டாகாது என்பது எனக்கும் தெரியும். குழந்தையின் விரலுக்கு இதே சமாதானத்தைச் சொல்வீர்களா?

எல்லா ஃபேனுக்கும் வலை கேட்கவில்லை. முன்பக்க ஃபேனை முகப்புப் பலகை மறைக்கிறது. உள்ளே இருக்கும் பிராசசர் ஃபேனில் ஒயர் மாட்டாமல் கேபிள் டை போட்டுக் கட்டுவது என் வேலை. வெளியே திறந்து, அதுவும் கை போகும் இடத்தில் இருப்பது இந்தப் பின்பக்க ஃபேன் ஒன்றுதான். கையேட்டில் எச்சரிக்கையாக ஒரு வரிகூட இல்லை.

எனவே ஃபேனை வாரண்டியில் மாற்றித் தந்து, கூடவே ஒரு கம்பி வலையும் அனுப்புங்கள். மறுப்பதானால் வாரண்டி விதியில் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள். பில் நகலும், உடைந்த இறக்கையின் படமும் இணைத்துள்ளேன். தெறித்த துண்டு இன்னும் கேபினட்டுக்குள் எங்கோ கிடக்கிறது. கிடைத்தால் அதையும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்