நிறைக்கு விற்கும் பேப்பர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பொழுதுபோக்குகள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுகிறவர்களுக்கென்று வெளிநாடுகளில் இன்னும் சஞ்சிகைகள் அச்சாகின்றனவாம். எல்லாம் கைத்தொலைபேசியில் கிடைக்கிற காலத்தில் அவை நிறைக்கு விற்கும் பழைய பேப்பர்தானாம். கட்டுரையாளர் அறியாமல் எழுதியிருக்கலாம். வாசித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவர் நீங்கள். நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான். கடதாசியில் அச்சடித்து விற்கிற நீங்களே கடதாசியை இப்படிச் சொல்லலாமா?

1986இல் கப்பலில் வேலை செய்த என் மாமா விடுமுறையில் வந்தபோது மூன்று ஆங்கிலச் சஞ்சிகைகள் கொண்டுவந்தார். அதுவரை இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. கட்டைவிரலின் மேல்கணு அளவு உருவங்கள், நிலத்தோற்றம் அமைத்த மேசை, அங்குலக் கோல், தாயக்கட்டை. ஒரு பழைய சண்டையை எடுத்து, அன்று இருந்த படைகளை அன்று நின்ற இடங்களில் நிறுத்தி, வேறு முடிவு வந்திருக்குமா என்று பார்ப்பார்கள். மட்டக்களப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. சங்கமும் இல்லை, கடையும் இல்லை. அந்த மூன்று இதழ்கள்தான் எனக்குக் குருவும் கூட்டாளியும். கிழிந்த இடங்களில் ஒட்டி ஒட்டி இன்னும் வைத்திருக்கிறேன்.

இது நேற்று வந்த விளையாட்டு அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே இதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் தொடங்கிய சிறிய செய்திமடல்தான் இங்கிலாந்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்களை ஒன்றுசேர்த்தது. 1977இல் தொடங்கிய ‘வைட் டுவார்ஃப்’ சஞ்சிகை இன்றும் வருகிறது. 1987இல் தொடங்கிய ‘வார்கேம்ஸ் இலஸ்ட்ரேட்டட்’ இன்றும் வருகிறது. வாங்குவோர் இல்லாமலா இத்தனை வருடம் அச்சடிக்கிறார்கள்?

நான் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பிள்ளைகள் என் வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் ஒரு தம்பி, குதிரைவீரன் ஒருவனின் மேலங்கிக்கு வர்ணம் பூசக் காணொளி ஒன்றைப் போட்டுக்கொண்டான். நாற்பது நிமிடக் காணொளி. பேசுகிறவர் வேகமாகப் போகிறார். இவன் ஈர விரலால் நிறுத்துகிறான், பின்னுக்கு இழுக்கிறான், நடுவில் விளம்பரம் வருகிறது. அதற்குள் தட்டில் இருந்த வர்ணம் காய்ந்துவிட்டது. திரை முழுக்க நீலக் கறை. நான் ஒன்றும் சொல்லாமல் 1991ஆம் ஆண்டு இதழ் ஒன்றை எடுத்து அவன் பக்கத்தில் விரித்து, மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பாரமாக வைத்தேன். ஆறு படங்கள். கறுப்பு அடிப்பூச்சு, மேலே நீலம், மடிப்புகளில் நீர்த்த கருநீலம். பிறகு தூரிகையில் வெளிர்நீலத்தைத் தொட்டு, துணியில் அநேகமாக முழுவதையும் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கிற பொடியளவை மேடான இடங்களில் மட்டும் மெல்லத் தடவுவது. தடவத் தடவ மடிப்புகள் எழும்பி வரும். பிள்ளை தலையைக் குனிந்து படத்தையும் உருவத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி முக்கால் மணிநேரம் இருந்தான். பக்கம் அவனை அவசரப்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் தெரியாத சொல்லை என்னிடம் கேட்டான். அவனுடைய ஆங்கில ரீச்சர் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அது.

கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறது, சரி. எத்தனை நாளைக்கு இருக்கும்? உலகம் முழுவதும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் படங்களை ஏற்றி வைத்திருந்த பெரிய இணையத்தளம் ஒன்று 2017இல் திடீரென்று வருடத்துக்கு 400 டொலர் கேட்டது. கட்டாதவர்களின் பக்கங்களில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் சதுரமானது. நான் குறித்து வைத்திருந்த வழிகாட்டிகளில் அநேகமானவை அப்படித்தான் போயின. என் 1991 இதழில் ஒரு படமும் மறையவில்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் வெட்டினார்களே, அப்போதும் பின்னேர வெளிச்சத்தில் திண்ணையில் இருந்து வாசித்தேன். அதே வருடம் கடதாசி கிடைக்காமல் நாட்டில் பத்திரிகைகள் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்போது கடதாசியின் அருமை பற்றி உருக்கமாகத் தலையங்கம் எழுதினீர்கள். வெட்டி வைத்திருக்கிறேன்.

சுனாமியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டு கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவுக்குக் கடல் வந்தது. உயிர் தப்பினோம், அதற்கு மேல் எதையும் பெரிதாகச் சொல்லக்கூடாது. மகனின் கணினி அன்றே முடிந்தது. சஞ்சிகைப் பெட்டி சேற்றுக்குள் கிடந்தது. என் மனைவி ஒவ்வொன்றாகக் கழுவி, உடுப்புக்கொடியில் கவிழ்த்துப் போட்டுக் காயவைத்தார். பளபளப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓலை ஈர்க்கால் பிரித்து எடுத்தோம். இன்றைக்கும் சில பக்கங்களைத் திருப்பினால் விரலில் உப்பு படும். மனைவி இப்போது இல்லை. அவர் கழுவிய பக்கங்களைத்தான் உங்கள் கட்டுரை நிறைக்குப் போடச் சொல்கிறது.

நிறைக்குப் போட்ட கதையும் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாசிகசாலைக்கு, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நாற்பது இதழ்களை அட்டவணை எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கினார்கள். அடுத்த வருடம் காந்தி பூங்காவில் ஐம்பது ரூபாவுக்குக் கச்சான் வாங்கினேன். சுருளை விரித்தால் நெப்போலியனின் குதிரைப்படை. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த வர்ணக் குறிப்பு என் கையெழுத்து. கச்சான் விற்ற அம்மாவிடம் மிச்சச் சுருள்களையும் கேட்டேன். பதினொரு தாள் கிடைத்தது. வாசிகசாலையில் கேட்டபோது, “ஐயா, ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை” என்றார்கள். அலுமாரியைப் பூட்டி வைத்தால் யார் பார்ப்பது?

போரை அனுபவித்த ஊரில் போர் விளையாட்டு எதற்கு என்று உங்கள் கட்டுரையாளர் வேறு கேட்டிருக்கிறார். அதை என்னிடம் கேட்கவேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு சோதனைச் சாவடியில், பைக்குள் இருந்த சஞ்சிகையின் வரைபடத்தைக் காட்டி இது எந்த முகாம் என்று கேட்டு, அரை நாள் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அது 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ. நான் திரும்பி வந்தேன், சஞ்சிகை வரவில்லை. எங்கள் போரை நான் ஒருநாளும் மேசையில் வைத்ததில்லை, பிள்ளைகளையும் வைக்க விட்டதில்லை. அந்த எல்லை எனக்குத் தெரியும்.

நான் மேசையில் வைத்தது நம்முடைய மட்டக்களப்புக் கோட்டையை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில், 1638 மே 18இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஆயிரம் தரம் போய்வந்தவர்களுக்கும், அந்தச் சுவர்களைக் கடலிலிருந்து வந்த ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனும் கூட்டாக விழுத்தினார்கள் என்பது தெரியாது. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையை வெட்டி நான்கு கொத்தளங்களும் செய்தேன். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. அளவுகளைச் சிறிதாக்கும் விதமும் சுவருக்கு மணலும் பசையும் கலந்து பூசும் விதமும் அந்தப் ‘பழைய பேப்பர்’ சொல்லித்தந்தவை.

அதைப் படமெடுத்து ஒரு கட்டுரையோடு 2023இல் உங்களுக்கு அனுப்பினேன். மே 18 என்றால் நமக்கு வேறு நினைவு நாள், ஆகவே அந்தக் கிழமையில் போடவேண்டாம் என்றும் குறிப்பு வைத்தேன். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது இடம் போதவில்லை என்றார்கள். அந்த ஞாயிறு ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு இரண்டு பக்கம் போயிருந்தது. மனம் நொந்தாலும் அப்போது கடிதம் எழுதவில்லை.

இக்கடிதத்தை வெளியிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்தப் படத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஈரப்பதத்தில் கோட்டையின் ஒரு கொத்தளம் சரிந்துவிட்டது. திருத்துவதற்குப் படம் வேண்டும். என்னிடம் வேறு பிரதி இல்லை. முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். படத்தை மடிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.