பிரஷர் பாக்கிற மெஷின் கரைக்கு வரட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் திருக்கடலூர்ப் பக்கம் சின்னக் கடை ஒண்டு வச்சிருக்கிறன், உங்கட பேப்பரும் கடையில விக்கிறனான், ஆனா பேப்பருக்குக் கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழையிருந்தா திருத்திப் போடுங்க, விஷயத்தை மட்டும் விடாமப் போடுங்க ஐயா.

போன வருஷம் வைகாசி மாசம் என்ர அத்தான் கரைவலை இழுத்துக்கொண்டு நிண்ட இடத்திலேயே கயித்தைப் பிடிச்சபடி ஒரு பக்கமா சரிஞ்சு விழுந்தார். வயசு 47. வெயில் ஏறிட்டுது எண்டு நினைச்சு ஆக்கள் தலையில தண்ணி ஊத்தினாங்க, ஒராள் ஓடிவந்து என்ர கடையில சோடா வாங்கிக்கொண்டு போய் வாயில விடப் பாத்தார், சோடா உள்ள போகாம கோணின பக்கத்தால வழிஞ்சு கழுத்துக்கு ஓடினதைக் கண்ட பிறகுதான் இது வெயில் இல்ல, வேற என்னவோ எண்டு விளங்கினது. ஒரு பெடியன் 1990க்கு அடிச்சான். அம்புலன்ஸ் வந்தது, காசு ஒரு சதம் கேக்கல்ல, அதில வந்த தம்பி கையில பட்டியைச் சுத்திப் பாத்திட்டு 220க்கு 130 எண்டார். அந்த ரெண்டு நம்பரும் எனக்கு இண்டைக்கும் மறக்கேலாம இருக்கு.

ஆஸ்பத்திரியில டொக்டர் அக்காட்ட கேட்டார், இவருக்கு பிரஷர் இருக்கிறது தெரியாதா எண்டு. தெரியாது. கடைசியா எப்ப பாத்தது? அக்கா யோசிச்சு யோசிச்சு சொன்னா, லைசன்ஸ் எடுக்க மெடிக்கல் எடுத்த நேரம் பாத்திருப்பாங்க எண்டு. அது ஒன்பது வருஷத்துக்கு முந்தி.

அந்த ஒன்பது வருஷத்துக்குள்ள அத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத மனுஷனும் இல்ல. இருமலுக்குப் போயிருக்கிறார், காலில திருக்கை முள்ளு குத்தி போயிருக்கிறார், ரெண்டு தரம் காய்ச்சலுக்கும் போயிருக்கிறார். துண்டு எழுதி, வரிசையில நிண்டு, குளிசை எடுத்துக்கொண்டு வந்தவர். ஒருக்காக்கூட ஆரும் அந்தப் பட்டியை அவர்ட கையில சுத்தல்ல. நான் எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்ல வரல்ல, அங்க இருக்கிற மிஸ்ஸிமாருக்கு மூச்சு விட நேரமில்ல, அதையும் என்ர கண்ணால பாத்தனான். ஆனா பிரஷர் எண்ட சாமான் தலையிடி கூடத் தராம வருஷக்கணக்கா உள்ள இருந்து ரத்தக்குழாயையும் கிட்னியையும் கண்ணையும் அரிக்கிற வருத்தம், நோவு வந்த பிறகு பாப்பம் எண்டு இருந்தா நோவு வாறது அத்தானுக்கு வந்த மாதிரித்தான் வரும்.

இப்ப அவருக்கு நடக்க ஏலும். கதையும் ஓரளவு திரும்பிட்டுது. வலது கைதான் சரியில்ல. வலை பொத்துற ஊசியைப் பிடிப்பார், கண்ணிக்குள்ளால நூலை எடுப்பார், முடிச்சை இறுக்குற நேரம் விரல் விட்டிரும். திரும்பவும் முதலில இருந்து தொடங்குவார். பக்கத்தில இருக்கிற மகன் வாங்கிக் கட்டித் தரப் போனா கோவம் வரும், அதால அவன் இப்ப அந்த நேரத்துக்கு வெளிய போயிருவான்.

இனி நான் எழுத வந்த விஷயம். அக்காவுக்கு 35 வயசு முடிஞ்ச நேரம் எங்கட ஏரியா மிட்வைஃப் அம்மா வீட்டுக்கு வந்து, சுகவனிதையர் கிளினிக்குக்கு இந்தத் திகதி வாங்க எண்டு சொல்லி துண்டு குடுத்திட்டுப் போனவ. அக்கா போகல்ல. அடுத்த மாசம் திரும்பவும் வந்து, ஏன் வரல்ல எண்டு கேட்டு, வெக்கப்படாதீங்க எண்டு சொல்லி அனுப்பி வச்சவ. அங்க கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்க்கு பாப் டெஸ்ட் எடுத்தாங்க, மார்பு பாத்தாங்க, அதோட பிரஷரும் சுகரும் பாத்தாங்க. அந்த வீட்டில பொம்பிளைக்குப் பாத்தாச்சு. அதே வீட்டில, அதே பாயில படுத்து, அதே கருவாட்டுக் குழம்பைத் திண்ட ஆம்பிளையைத் தேடி ஒருத்தரும் வரல்ல. அவர்ட பேர் எந்தக் கொப்பியிலயும் இல்ல.

எனக்கு மிட்வைஃப் அம்மாமார்ல பெரிய மரியாதை ஐயா, இந்த நாட்டில 1940களில ஒரு லட்சம் பிள்ளைப்பேறுக்கு 1,500 தாய்மார் அளவில செத்தவங்க, இப்ப அது 30, 40க்குள்ள நிக்குது எண்டா அதுக்கு முக்கியமான காரணம் அவங்க வீடு வீடா வந்ததுதான். 1926இல களுத்துறையில முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கின நாளில இருந்து இந்த ஏற்பாடு வளந்து வந்திருக்கு, வருத்தக்காரர் வரட்டும் எண்டு இருக்காம, ஒரு ஏரியாவைப் பிரிச்சு ஒராளுக்குக் குடுத்து, அங்க இருக்கிற குடும்பம் எல்லாத்தையும் பேர் பேரா எழுதி வச்சுக்கொண்டு போய்ப் பாக்கிறது. மலேரியாவையும் அப்பிடித்தான் வெண்டது. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க மலேரியாக்காரர் வந்து சாமான் எல்லாத்தையும் வெளியில எடுத்து வைக்கச் சொல்லி சுவருக்கு மருந்தடிப்பாங்க, வீட்டுக்குள்ள ரெண்டு மூண்டு நாளைக்கு அந்த மணம் இருக்கும், காய்ச்சல் எண்டா விரலைக் குத்தி கண்ணாடித் துண்டில ரத்தம் எடுப்பாங்க. சண்டை நடந்த காலத்திலயும் அந்த வேலை எங்கட கிழக்கில நிக்கல்ல. இஞ்ச நுளம்பால தொத்தின கடைசி மலேரியாக்காரர் 2012இல, 2016இல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சேர்ட்டிபிக்கட்டும் தந்திட்டுது.

இண்டைக்கு இந்த நாட்டில பத்துப் பேர் செத்தா அதில எட்டுப் பேர் சாகிறது மாரடைப்பு, பாரிசவாதம் (அத்தானுக்கு வந்த ஸ்ட்ரோக்), சுகர், புற்றுநோய் மாதிரியான தொற்றா நோயாலதான். வருத்தம் மாறிட்டுது. தேடிப்போற ஆக்கள் மட்டும் இன்னும் தாயையும் பிள்ளையையும்தான் தேடிப் போறாங்க, அவங்களுக்கு அதுக்கே கால் ஓயாது, அவங்கட தலையில இன்னொரு வேலையைக் கட்டச் சொல்லி நான் கேக்கல்ல.

அரசாங்கம் ஒண்டும் செய்யல்ல எண்டும் சொல்ல மாட்டன். 2011இல இருந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் எண்டு நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளோட சேத்துத் திறந்திருக்கிறாங்க. 35 வயசு தாண்டின ஆரும் போகலாம், வருத்தம் இருக்கத் தேவையில்ல, காசு இல்ல. நிறை, உயரம், இடுப்புச் சுத்தளவு, பிரஷர், வெறும் வயித்தில சுகர் பாப்பாங்க, வாயைத் திறக்கச் சொல்லி புற்றுநோய்க்கு அடையாளம் ஏதும் இருக்கோ எண்டும் பாப்பாங்க (வெத்திலை போடுற எங்கட ஆக்களுக்கு அது ஒண்டே போதும் போறதுக்கு), அடுத்த பத்து வருஷத்துக்குள்ள மாரடைப்போ பாரிசவாதமோ வாற ஆபத்து எவ்வளவு எண்டு கலர் போட்ட அட்டையைப் பாத்துச் சொல்லுவாங்க. இவ்வளவு நல்ல ஏற்பாடு இருக்கெண்டே அத்தான் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாட்டில ஒரு மிஸ்ஸி சொல்லி, அடுத்த மாசம் நான் போனன்.

வார நாளில காலமை எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்கு முதல் முடிஞ்சிரும். நான் போன அண்டைக்கு 22 பேர் இருந்தம், எண்ணிப் பாத்தனான். 20 பொம்பிளையள். ஆம்பிளையள் ரெண்டு பேர், ரெண்டு பேரும் பென்ஷன்காரர். எந்த நாள், எத்தின மணி எண்டு எழுதின பேப்பர் கதவில ஒட்டிக் கிடக்கு, ஆனா கதவு உள்ளுக்குத் திறக்கிற கதவு, திறந்து வச்ச நேரம் அந்தப் பேப்பர் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது. பூட்டிக் கிடக்கிற நேரம் வாறவருக்குத்தான் அது தெரியும். வெளியில, ரோட்டில, சந்தையில, விதானையார் ஒஃபீஸில ஒரு இடத்திலயும் இல்ல. உள்ள இருந்தவங்க நல்லாப் பாத்தாங்க, நல்ல மாதிரி கதைச்சாங்க, தமிழிலயே விளங்கப்படுத்தினாங்க. அவங்கள்ல ஒரு குறையும் இல்ல.

கடலுக்குப் போற மனுஷன் விடியப்புறம் ரெண்டு மூண்டு மணிக்கு எழும்பி தேத்தண்ணி குடிச்சிட்டு இறங்குவார், கரைக்கு வர எட்டு, ஒன்பது ஆகும், மீனை எடுத்து வித்து முடிய பத்தரை. இவர் எப்பிடி எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வரிசையில வந்து இருக்கிறது? ஆட்டோ ஓட்டுறவருக்கு அந்த நேரம்தான் ஸ்கூல் ஹயர், மேசன் வேலைக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போயிரும். ஆம்பிளையள் கவனமில்ல, சொன்னாக் கேக்க மாட்டாங்க எண்டு எல்லாரும் சொல்லுறம், நானும் சொல்லியிருக்கிறன். அண்டைக்கு அந்த வாங்கில இருந்து யோசிச்ச பிறகு அப்பிடிச் சொல்ல மனம் வரல்ல.

பிரஷர் பாக்க வெறும் வயிறு தேவையில்ல ஐயா. கொஞ்ச நேரம் கதிரையில இருத்தி, ஆறுதலா மூச்சு விடச் சொல்லி, பட்டியைச் சுத்தினாச் சரி. அதை மீன் ஏலம் போடுற இடத்தில பாக்கலாம், ஆட்டோ ஸ்டாண்டில பாக்கலாம், கிண்ணியாவிலயும் மூதூரிலயும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு சனம் வெளிய வாற நேரம் பள்ளிவாசல் முத்தத்தில பாக்கலாம், தம்பலகாமத்தில வயல் வேலை இல்லாத மாசத்தில கமக்காரர் கூட்டத்தில பாக்கலாம். பிரஷர் கூடுதலா இருக்கிறவருக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்து, சுகர் பாக்க இந்த நாள் வெறும் வயித்தோட வாங்க எண்டு சொல்லி விட்டா வருவாங்க. ஏன் வருவாங்க எண்டா கையில நம்பர் இருக்கு, அந்த நம்பரைப் பாத்த பிறகு வீட்டில பொஞ்சாதி விட மாட்டா. எங்கட ஆக்களை எனக்குத் தெரியும்.

இன்னொண்டு குளிசை. மாசத்துக்கு ஒருக்கா கிளினிக் போய் எடுக்க வேணும், தொழில் இருக்கிற நாளில கிளினிக் திகதி வந்தா விட்டிருவாங்க, விட்டா ஒரு வித்தியாசமும் தெரியாது, அப்ப சுகமாயிட்டுது எண்டு நினைச்சு முழுசா நிப்பாட்டிருவாங்க. எங்கட ஒழுங்கையில மட்டும் அப்பிடி மூண்டு பேர் எனக்குத் தெரியும். 2020இல கொரோனாவுக்கு ஊரைப் பூட்டி வச்சிருந்த நேரம் கிளினிக் மருந்தை தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்த ஞாபகம் எல்லாருக்கும் இருக்கும். அண்டைக்கு ஏலுமா இருந்தது, சீசன் நேரம் கடல்தொழில் செய்யிற ஆக்களுக்கு மட்டுமாவது இப்பவும் செய்து பாக்கலாம்தானே, இல்லாட்டி பிரஷர் கட்டுப்பாட்டில இருக்கிறவருக்கு ரெண்டு மாச மருந்தைச் சேத்துக் குடுக்கலாம்.



இதுக்கு கொழும்புக்கு எழுத வேணுமா எண்டா, முழுக்கத் தேவையில்ல. 1987இல வந்த 13ஆவது திருத்தத்தோட சுகாதாரத்தில பெரிய பங்கு மாகாணத்துக்கு வந்தது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பி.எச்.ஐ எண்ட சுகாதாரப் பரிசோதகர், மிட்வைஃப், சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் எல்லாம் மாகாணத்தோட நிர்வாகம். கிழக்கு மாகாணத்துக்கு திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை எண்டு நாலு பிராந்திய சுகாதாரப் பணிமனை இருக்கு, அதுகளுக்கு மேல மாகாணப் பணிப்பாளர், அவர்ட ஒஃபீஸ் எங்கட ஊரிலேயே இருக்கு. ஒரு நிலையம் எத்தின மணிக்குத் திறக்கிறது, மாசத்தில ரெண்டு நாள் வெளிய எங்க போறது எண்டதெல்லாம் இஞ்சயே முடிவெடுக்கக் கூடிய விஷயம். ஆனா கிழக்கு மாகாண சபையின்ர காலம் 2017இல முடிஞ்ச பிறகு தேர்தல் நடக்கல்ல. ஒரு மாகாண சபை உறுப்பினர் இருந்திருந்தா அவர்ட வீட்டுப் படியில நான் போய் நிண்டிருப்பன். இப்ப ஆரிட்ட போறது? அதாலதான் பேப்பருக்கு எழுதுறன், கௌரவ ஆளுநர் அவர்களும் மாகாணப் பணிப்பாளர் அவர்களும் பேப்பர் பாப்பாங்க எண்ட நம்பிக்கையில.

புதுக் கட்டடம் வேணாம், திறப்பு விழா வேணாம். ஒரு மிஸ்ஸி, பிரஷர் மெஷின் ரெண்டு, ஒரு கொப்பி. அந்தக் கொப்பியில 35 வயசு தாண்டின ஆம்பிளையள்ட பேர் கிராம சேவகர் பிரிவு வாரியா எழுதப்பட வேணும், ஆர் இன்னும் பாக்கல்ல எண்டு தெரிய வேணும், மிட்வைஃப் அம்மா அக்காவைத் தேடி ரெண்டாந்தரம் வந்த மாதிரி பாக்காதவரைத் தேடி ஒராள் ரெண்டாந்தரம் போக வேணும். ஆள் பத்தாது எண்டு சொல்லுவாங்க, அது உண்மை, 2022க்குப் பிறகு கனக்கப் பேர் வெளிநாடு போயிட்டாங்க. எண்டாலும் ஒரு பாரிசவாதக்காரரை வாட்டில வச்சுப் பாக்கிறதுக்கும், பிறகு மாசக்கணக்கா கைகால் பயிற்சி குடுக்கிறதுக்கும் எத்தின பேர் தேவைப்படுறாங்க எண்டு நான் கிட்ட நிண்டு பாத்தனான்.

இதை வாசிக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லிவிடுறன். ஒராளுக்கு திடீரெண்டு வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, கதை குழறினாலோ சோடாவும் வேணாம் தண்ணியும் வேணாம், உடன 1990க்கு அடியுங்க. எத்தின மணிக்குத் தொடங்கினது எண்டு ஞாபகம் வச்சு டொக்டரிட்டச் சொல்லுங்க, மருந்து குடுக்கிறதுக்கு அந்த நேரம் கட்டாயம் தேவை.

எங்கட கரையில காலமை ஒன்பது மணிக்கு வள்ளம் எல்லாம் ஏறிரும், பத்தரைக்குப் பிறகு ஆக்கள் சும்மாதான் இருப்பாங்க. வந்து பாக்க இடம் இல்லை எண்டு சொன்னா என்ர கடை விறாந்தை இருக்கு, நிழல், காத்தும் வரும், பிளாஸ்டிக் கதிரை பன்னிரண்டு நான் தருவன். அத்தானும் வந்து இருக்கிறன் எண்டு சொன்னவர். முதல் ஆளாத் தன்ர கையைக் குடுக்கிறாராம், மற்றவங்களுக்குப் பயம் தெளியட்டும் எண்டு.

இப்படிக்கு,
கடைக்கார வாசகி,
திருக்கடலூர், திருகோணமலை.