ஜேம்ஸ் பாண்டை அனுப்பினது எதுக்குன்னு சொல்லலையே

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

'தி மேன் வித் தி கோல்டன் கன்'ங்கற ஜேம்ஸ் பாண்டு நாவல் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய எங்க கொழிஞ்சாம்பாறை வாயனசாலைல (படிப்பகம்) நாலு பேரு உக்காந்து படிச்சோம், படிச்சு முடிக்கறதுக்குள்ளயே சண்டை ஆரம்பிச்சுருச்சு. கட்டுரைல வர்ற தாய்லாந்து தீவு, கடற்கரைல முதுகோட முதுகு ஒட்டி நின்னு நடந்துபோய் சுடறது, அதெல்லாம் 1974ல ரோஜர் மூர் நடிச்சு வந்த படம் சார். நாவல்ல அந்தத் தீவே கிடையாது, கதை நடக்கறது ஜமைக்கால. அத எழுதுன இயான் ஃபிளெமிங் 1964ல இறந்துபோய் அடுத்த வருஷம் தான் புக்கே வந்துச்சு.

சரி இடம் மாறினது போகட்டும், கதையோட முதுகெலும்பையே விட்டுட்டாரே உங்க கட்டுரையாளர். ஆரம்பத்துல கொலைகாரனா வர்றதே பாண்டு தான். ரஷ்யாக்காரங்க மூளைய மாத்தி அனுப்ப, லண்டன் ஆபீசுக்குள்ள வந்து சொந்த பாஸ், 'எம்'ங்கற உளவுத்துறைத் தலைவர் மூஞ்சிலயே சயனைடு அடிக்கறான், கரெக்டா கூரைலருந்து ஒரு கண்ணாடித் தடுப்பு எறங்குனதால அந்த மனுசன் பொழைக்கறாரு. அப்புறம் பாண்டுக்கு வைத்தியம் பண்ணி, தங்கத் துப்பாக்கி வச்சுருக்கற கூலிக் கொலைகாரன் ஸ்காரமங்காவ கொன்னுட்டு வான்னு அனுப்பறாங்க. ஜெயிச்சா பழைய வேலை, செத்தா தியாகின்னு பேரு. நம்மூர்ல வந்தா மலை போனா...ன்னு ஒரு பழமொழி இருக்கே (முழுசா எழுதுனா நீங்க போட மாட்டீங்க), எம் போட்ட கணக்கு அதே தான். ஸ்காரமங்கா காசு வாங்கிட்டு ஆளக் கொல்றான், எம் கையெழுத்துப் போட்டு கொல்ல ஆள் அனுப்பறாரு, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

வாயனசாலைல ஒரு சேட்டன் ஒத்துக்கவே இல்ல. நாவல் சொதப்பல், ஃபிளெமிங் சரியா திருத்தாம போய்ட்டாரு, துப்பறியற வேலையே இல்ல, தேடிப்போன ஸ்காரமங்கா ஜமைக்கால லவ் லேன்ங்கற தெருவுல தானா வந்து மாட்டறான், அவனே பாண்டுக்கு வேலையும் போட்டுக் குடுக்கறான், இதெல்லாம் வேட்டையான்னாரு. அதுல பாதி நியாயம் தான், ஸ்காரமங்காவோட ஓட்டல்ல மாஃபியாக்காரங்க மீட்டிங் நடக்கற பக்கமெல்லாம் எனக்கும் கொட்டாவி வந்துச்சு. ஆனா கார் ஓடிட்டு இருக்கும்போது ஸ்காரமங்கா பின்மண்டை கைக்கெட்டற தூரத்துல இருந்தும் பாண்டு சுடாம விடற எடம் இருக்கு பாருங்க, அதுக்காகவே படிக்கலாம். கடைசில சதுப்புல கூட, அடிபட்டுக் கெடக்கற ஸ்காரமங்கா ஜெபம் பண்ண டைம் கேட்டா பாண்டு குடுக்கறான், அவன் என்னடான்னா சைக்கிள் கேப்புல ஒளிச்சு வச்ச குட்டித் துப்பாக்கிய எடுத்து விஷ குண்டால சுட்டுடறான். பாண்டும் திருப்பிச் சுட்டு முடிக்கறான்னு வைங்க, ஆனா எதிரி கொலைகாரனா இருந்தாலும் கையாலாகாம கெடக்கறப்ப இவனுக்கு கை வரல. அனுப்பி வச்ச எம்முக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்ல.

முடிவுல சர் பட்டம் வருது, பாண்டு வேண்டாங்கறான். நான் ஸ்காட்லாந்து குடியானவன், எனக்கு இதெல்லாம் எதுக்குன்னு காரணம் சொல்றான். காரணம் அது மட்டும் தானான்னு எனக்குச் சந்தேகம். உங்க கட்டுரையாளர் நாவல ஒருவாட்டி படிச்சுட்டு அதப் பத்தி எழுதட்டும், படத்தப் பத்தித்தான் இதுல ரெண்டு பக்கம் எழுதிட்டாரே.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்