ஆர் மொழியில் தேர்ந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஆரில் பல ஆண்டுகள் புழங்கியவர்களுக்கு வணக்கம்.

நான் ஆரம்பத்தில் எழுதிய நிரல்களில் பாதிக்கு மேல், இணைய மன்றங்களில் உங்களில் யாரோ ஒருவர் எழுதிவைத்த பதிலைப் பார்த்து எழுதியவை. காசு வாங்காமல், முகம் தெரியாதவருக்காக, சொந்த வேலைக்கு நடுவில் எழுதிய பதில்கள் அவை. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: கேள்வி சரியில்லை என்பதற்காகப் புதியவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கேள்வி சரியில்லாமல்தான் இருக்கும். 'கோட் வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்று ஒரே வரி. கூடவே திரையின் மங்கலான படம். எரிச்சல் வருவது புரிகிறது. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். தரவை ஏற்றும் வரியை இயக்க மறந்துவிட்டு, அந்தத் தரவுக்குத் தான் வைத்த 'டிஎஃப்' என்ற பெயரைச் சொல்லி அதன் முதல் வரிசையைக் கேட்கிறார். 'குளோஷர் வகைப் பொருளிலிருந்து பகுதியை எடுக்க முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. டிஎஃப் என்ற பெயரில் ஆரிலேயே ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது, அது எஃப் பரவல் என்ற புள்ளியியல் பரவலின் அடர்த்தியைக் கணக்கிடுவது. அவருடைய தரவு இல்லாததால் ஆர் அந்தச் செயற்கூறை எடுத்துக்கொண்டது. குளோஷர் என்பது அந்தச் செயற்கூறைத்தான் குறிக்கிறது. இவ்வளவும் தெரிந்தால்தான் அந்தச் செய்தி புரியும். இவ்வளவும் தெரிந்தவர் கேட்டிருக்கவே மாட்டார். 'பிழைச்செய்தியைப் படித்தீர்களா?' என்று அவரிடம் கேட்டு என்ன பயன்? படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

பிழைச்செய்தி வந்தவருக்காவது ஏதோ தவறு என்று தெரியும். என் பெரிய கவலை, செய்தியே வராத பிழைகளைப் பற்றியது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் ஆர் 4.0.0 வரும்வரை, கோப்பைப் படிக்கும்போது எழுத்து கலந்த நெடுவரிசையை ஆர் தானாகவே ஃபேக்டராக, அதாவது ஒவ்வொரு தனி மதிப்பையும் ஒரு நிலையாக வைத்து அதற்கு வரிசை எண் கொடுக்கும் வகையாக, மாற்றிவிடும். என் தரவின் வயது நெடுவரிசையில் சில இடங்களில் 'தெரியாது' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அதனால் மொத்த நெடுவரிசையும் ஃபேக்டர் ஆகிவிட்டது. அதை எண்ணாக மாற்றச் சொன்னேன்; ஆர் வயதைத் தராமல் ஃபேக்டர் நிலைகளின் வரிசை எண்ணைத் தந்தது. 18 முதல் 60 வரை எல்லா வயதும் இருந்ததால் 18 என்பது 1 ஆனது, 60 என்பது 43 ஆனது, 'தெரியாது' 44 ஆனது. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. வயது சொன்ன ஒவ்வொருவருக்கும் 17 வயது குறைந்துபோயிருந்தது.

சராசரியைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. ஆனால் கேட்கவில்லை. அதற்கு முன் ஒருமுறை கேட்டபோது, 'அடிப்படை தெரியாமல் வந்து நேரத்தை வீணாக்காதே' என்று பதில் வந்திருந்தது. அந்த அட்டவணை அறிக்கையில் ஏறி, மூன்று வாரம் கழித்துத்தான் தவறு பிடிபட்டது. 'முதலில் எழுத்தாக மாற்று, அப்புறம் எண்ணாக மாற்று' என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மற்றவர்களும் இயக்கிப் பார்க்கக்கூடிய உதாரணம் கேட்பது நியாயம்தான், அது இல்லாமல் யாராலும் உதவ முடியாது. ஆனால் எப்படித் தருவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹெட் கொண்டு தரவின் முதல் 20 வரிசைகளை எடுத்து, அதை டிபுட் செயற்கூறில் கொடுத்தால் வருகிற எழுத்துகளை அப்படியே கேள்வியில் ஒட்டினால் போதும் என்பது பலருக்குத் தெரியாது. வெளியிட முடியாத தரவா? ஆரோடு வரும் மாதிரித் தரவுகளில், எம்டிகார்ஸில் 32 கார்கள் இருக்கின்றன, ஐரிஸில் 150 பூக்கள் இருக்கின்றன. அவற்றில் அதே சிக்கலைக் காட்டச் சொல்லலாம். பதிப்பு எண்ணைக் கேட்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள். 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் செயற்கூறு சமவாய்ப்பில் எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அதே தேர்வு வருவதற்காகக் கொடுக்கும் செட்.சீட் எண்ணைப் பழைய பாடத்தில் உள்ளபடியே கொடுத்தும் விடை வேறாக வந்தால், புதியவர் தன்னைத்தான் சந்தேகிப்பார்.

சில கேள்விகள் மென்பொருளைப் பற்றியவை போலத் தெரியும், உள்ளே இருப்பது புள்ளியியல். சராசரிகளை ஒப்பிடும் சோதனை ஒன்றைப் பற்றி, 'டி சோதனைக்கு என்ன கட்டளை?' என்று ஒருவர் கேட்கிறார். கட்டளையைச் சொல்லிவிட்டுப் போகலாம். நிரல் ஓடும், சோதனையின் விடையாகப் பி மதிப்பும் வரும். அவரிடம் இருப்பது ஒரே நோயாளிகளை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்த எண்கள் என்றால், இணைச் சோதனை என்று குறிப்பிடாத வரை ஆர் அவற்றை இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகவே கணக்கிடும். 'உங்களிடம் என்ன தரவு இருக்கிறது, எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். கட்டளையை விட அந்தக் கேள்விதான் அவருக்குத் தேவை.

வீட்டுப்பாடத்தை முழுசாகச் செய்துதரச் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் இந்த மொழியை எழுதத் தொடங்கியபோது, தங்கள் மாணவர்களுக்குக் கற்பிக்க ஒரு நல்ல கருவி வேண்டும் என்பதும் ஒரு காரணம். கற்றுக்கொள்பவருக்கு அன்றைக்கே இங்கே இடம் இருந்தது.

இந்த வாரம் உங்கள் கண்ணில் படும் மோசமான கேள்வி ஒன்றையாவது மூடாமல் விடுங்கள். டிபுட் வரியை எழுதிக் கொடுத்து, அவர் திரும்பி வரும்வரை ஒரு நாள் காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் பதில்களால் கற்ற ஒருவர்