கொக்கிளாய் களப்புக்கு இரு மாகாணக் கூட்டுக் குழு அமைக்கக் கோரும் மனு

பெறுநர்: கௌரவ ஆளுநர் அவர்கள், வட மாகாணம்
அனுப்புநர்: கொக்கிளாய் களப்பில் தொழில் செய்யும் மீனவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கொக்கிளாய் களப்பு முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது. 1988 முதல் வடக்கும் கிழக்கும் இணைந்திருந்தபோது அதன் இரு கரைகளும் ஒரே மாகாண நிர்வாகத்தில் இருந்தன. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது. 2007 ஜனவரியிலிருந்து ஒரே நீர்ப்பரப்புக்கு இரண்டு மாகாணங்கள். இணைப்பா பிரிவா என்ற வாதத்தை நாங்கள் இங்கே எழுப்பவில்லை. இன்றிருக்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே தீரக்கூடிய குறை எங்களுடையது.

தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகளை (ஒற்றை நைலோன் இழை வலைகளை) நடுக் களப்பில் கண்டு முறையிட்டால், அது மற்ற மாவட்டத்தின் பொறுப்பு என்ற பதிலே இரு பக்கத்திலும் கிடைக்கிறது. அதற்குள் வலை போட்டவர்கள் போய்விடுகிறார்கள். வளராத இறாலும் அவர்களோடு போய்விடுகிறது. எந்த அதிகாரியையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தமது எல்லைக்கு அப்பால் நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அப்பாலுள்ளவர்களோடு கூடிப் பேச ஓர் இடமும் இல்லை.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கடற்றொழிலை மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான நிரலில் வைத்திருக்கிறது. களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் இதில் பங்குண்டு. பொறுப்பாளர்கள் இத்தனை பேர் இருந்தும் எங்களுக்கு ஒரே பதில் சொல்ல ஒருவர் இல்லை.

மாகாண சபை இருந்திருந்தால் எங்கள் உறுப்பினர் சபையில் எழுந்து கேட்டிருப்பார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும், 2013இல் 38 உறுப்பினர்களோடு தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. பின்னர் தேர்தல் நடக்கவில்லை. முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் பார்க்க வேண்டிய வேலை தங்கள் ஒருவரின் மேசைக்கு வந்திருக்கிறது. தேர்தல் விரைவில் நடக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆனால் களப்பு அதுவரை தாங்காது. இரண்டு ஆளுநர்கள் கடிதம் பரிமாறிக்கொண்டாலே தொடங்கிவிடக்கூடிய காரியம் இது.

ஆகவே, கிழக்கு மாகாண ஆளுநரோடு கலந்து, களப்புக்கென நிலையான கூட்டுக் குழு ஒன்றை அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். கரைதுறைப்பற்று, குச்சவெளி பிரதேச செயலாளர்கள், கடற்றொழில், வனசீவராசிகள் திணைக்கள அதிகாரிகள், இரு கரை மீனவர்கள் அதில் இருக்க வேண்டும். கூட்டம் ஒருமுறை வட கரையிலும் மறுமுறை தென் கரையிலும் நடக்கட்டும். ரோந்துக்கு இரு மாவட்ட அதிகாரிகளும் ஒரே படகில் வரட்டும். எடுக்கும் முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் இரு கரைகளிலும் ஒட்டப்பட வேண்டும்.

முதல் கூட்டத்துக்கான திகதியை எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொக்கிளாய் களப்பு மீனவர்கள்