இரண்டு கட்டுச் சீட்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. மாடிப்படி விஷயத்தில் மட்டும் வீம்பு பிடிக்காதே. ஓய்வு பெற்றபின் யாருக்கும் நீ தேவைப்படுவதாகத் தெரியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாளாக நான் சீட்டு விளையாடுகிறேன். பதறாதே, காசு வைத்து இல்லை. ஆடுவதும் நான் ஒருவன்தான். கெட்டித் தாளை வெட்டி இரண்டு கட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் எனக்குச் செய்யத் தெரிந்தவை, மற்றதில் என்னைச் சுற்றியிருப்பவர்களின் பெயர்கள். இரண்டிலிருந்தும் பார்க்காமல் ஒவ்வொன்றை உருவ வேண்டும். அந்த வேலை அந்த ஆளுக்கு அண்மையில் கைகொடுத்திருந்தால், நடந்ததைச் சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் சீட்டு கட்டுக்கே திரும்பும். விதி அவ்வளவுதான்.

'பொறுமை', 'நேர்மை' என்றெல்லாம் எழுதினால் ஆட்டம் நகராது. எந்தப் பெயர் வந்தாலும் ஆமாம் என்றே தோன்றும், பின்பக்கம் எழுத ஒன்றும் கிடைக்காது. 'விண்ணப்பத்தின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வேன்' என்று செய்யும் வேலையாக எழுதினால்தான் ஞாபகம் கிளறும்.

போன வாரம் வந்த ஜோடியைச் சொல்கிறேன். ஒரு சீட்டில் 'கூட்டத்தில் வாய் திறக்காதவரைக் கவனிப்பேன்'. மற்றதில் தங்கை மகள். அவள் வேலை மாறுவது பற்றி வீட்டில் ஆளாளுக்கு யோசனை சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. அவளோ கைபேசி உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தாள். "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்டேன், அவ்வளவுதான். அப்புறம் நெடுநேரம் அவள்தான் பேசினாள். வேலையை விட அவளுக்கு மனமே இல்லையாம், வேறு பிரிவுக்கு மாற்றினால் போதுமாம். இதையெல்லாம் திறமை என்று யார் கணக்கில் வைக்கிறார்கள்? ஆனால் என் கட்டில் வேகமாக நிறைந்துவருவது இந்தச் சீட்டுதான். பெருமையாக எழுதி வைத்த 'மேடையில் நன்றாகப் பேசுவேன்' இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது!

ஒரு குறை உண்டு. ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் 'ஜோஹாரி சாளரம்' என்ற நான்கு கட்டப் படம் ஒன்றை முன்வைத்தார்கள். அதில் ஒரு கட்டம், நம்மைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாதவற்றுக்கு. தனியாக எத்தனை முறை சீட்டைக் கலைத்தாலும் அந்தக் கட்டத்தில் இருப்பது என் கைக்கு வராது. அதை அடுத்தவர்தான் எழுதித் தர வேண்டும்.

அதனால் உனக்காக ஒன்றை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: 'கணக்குத் தாளில் பிசகு இருந்தால் குரல் உயர்த்தாமல் விரல் வைத்துக் காட்டுவான்.' பின்பக்கத்தையும் பார். என் கடன் தவணைத் தாளில் ஒரே கட்டணத்தை இரண்டு தடவை பிடித்திருந்தது உன் கண்ணில்தானே பட்டது? அது நீ ஓய்வு பெற்ற பிறகு நடந்தது.

வெற்றுச் சீட்டுகளும் சில உள்ளே இருக்கின்றன. என்னைப் பற்றி உனக்குத் தோன்றுவதை எழுதி அனுப்பு. 'நல்லவன்' என்று எழுதித் தப்பிக்காதே. எப்போது, யாருக்கு, என்ன செய்தேன் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி